விதைக்கும் முன் விலை கேள்

எக்ஸ்டென்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேளாண் துறைக் கோப்புகளில் வழங்கும் தமிழ் 'விரிவாக்கம்'. கன்னடத்தில் 'விஸ்தரணே'. அகராதியைப் பார்த்தால் இரண்டும் சரிதான். ஆனால் எந்த விவசாயியும் இந்தச் சொல்லைத் தன் பேச்சில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சாலையை விரிவாக்குவார்கள், கடையை விரிவாக்குவார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் வந்து எதை விரிவாக்குகிறார்கள்?

சொல்லின் பூர்வீகம் வயலில் இல்லை, பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1870களில் இங்கிலாந்தின் கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகம், தன் வளாகத்துக்குள் வர முடியாத ஜனங்களுக்கு வெளியூர்களில் வகுப்பு நடத்தத் தொடங்கியது. பல்கலைக்கழகம் தன் கையை வெளியே நீட்டியது, அதுவே எக்ஸ்டென்ஷன். 1914-ல் அமெரிக்கா சட்டம் போட்டு இதை விவசாயத்துக்குக் கொண்டுவந்தது. நாம் 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு கிராம சேவக் என்ற பெயரில் சுவீகரித்துக்கொண்டோம். பெயர்கள் மாறியும் திசை மாறவில்லை. அறிவு மையத்திலிருந்து கிளம்பி வயலுக்குப் போகும். வயலிலிருந்து கேள்வி திரும்பி வருவதற்கு அந்தச் சொல்லில் வழியில்லை.

விவசாயியின் கேள்வியோ சின்னது. 'இப்போது நட்டால் விலை கிடைக்குமா?' பூச்சிக்கு மருந்து, மண்ணுக்கு உரம், வறட்சிக்குச் சொட்டுநீர் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் இலாகா, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வானத்தைப் பார்க்கிறது. பெங்களூரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் போய்வந்தாலே இதன் விளைவும் தெரியும், இதற்கான மாற்றும் தெரியும்.

முதலில் விளைவைப் பார்ப்போம். கோலார் வற்றாத ஆறு எதுவும் ஓடாத மாவட்டம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அங்கே தக்காளி விளைவிக்கிறார்கள். கோலார் தக்காளிச் சந்தை ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. 15 கிலோ பெட்டிகளில் ஏலம் நடக்கும். லாரிகள் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் கிளம்பும். 2023 ஜூலையில் அங்கே ஒரு பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. தக்காளிக்குக் காவல் போட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் நாற்று வாங்கினார்கள். செப்டம்பருக்குள் விலை சரிந்தது. கிலோ சில ரூபாய்க்குக்கூட வாங்க ஆளில்லாமல் பல இடங்களில் பழத்தைச் சாலையோரம் கொட்டினார்கள்.

தொழில்நுட்பம் இல்லாததால் வந்த கஷ்டம் அல்ல இது. பெங்களூரின் ஒரு விளிம்பில், ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மூன்று நோய்களைத் தாங்கும் 'அர்கா ரக்‌ஷக்' என்ற தக்காளி ரகம் அங்கே பிறந்ததுதான். ஹெப்பாளில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கிருஷி மேளாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. ஹோப்ளிதோறும், அதாவது நம் ஊர்க் கணக்கில் பிர்க்காதோறும், 2000-ம் ஆண்டு முதல் 'ரைத சம்பர்க்க கேந்திரங்கள்' இயங்குகின்றன. ரைத என்றால் விவசாயி, சம்பர்க்கம் என்றால் தொடர்பு. விரிவாக்கத்தைவிட எவ்வளவோ நல்ல சொல். போவதும் வருவதும் இரண்டும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கேந்திரத்துக்குப் பெரும்பாலோர் போவது மானிய விதை வாங்கத்தான். தக்காளிக்குப் பாடம் சொல்வது தோட்டக்கலை இலாகா. தக்காளியின் விலை வேளாண் விற்பனை இலாகாவின் சமாச்சாரம். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் இரு வேறு கதவுகள். மகசூலைக் கூட்டச் சொன்னவருக்கு, கூடிய மகசூல் எந்த நாளில் எந்த விலைக்குப் போனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

இப்படி ஆனதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1960களில் தஞ்சாவூரில் ஏடிடி 27 என்ற நெல் ரகம் பரவியபோது வானொலியில் கேட்டே அதைப் பயிரிட்டார்கள். ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். வேளாண் விரிவாக்கத்தின் பொற்காலம் என்று அதைச் சொல்வார்கள். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1965-ல் இந்திய உணவுக் கழகம் பிறந்தபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. அதாவது, விளைவிக்கச் சொன்ன குரலுக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் கை ஒன்று இருந்தது. சந்தையைப் பற்றி விரிவாக்க அலுவலர் பேசாததற்குக் காரணம், பேச வேண்டியிருக்கவில்லை.

1970களின் நடுவில், இஸ்ரேலைச் சேர்ந்த டேனியல் பெனோர் வகுத்த 'பயிற்சியும் பார்வையிடலும்' முறை உலக வங்கிக் கடனுடன் இந்தியாவுக்கு வந்தது. இரு வாரத்துக்கு ஒருமுறை அலுவலர் வருவார். குறிப்பிட்ட சில விவசாயிகளிடம் குறிப்பிட்ட செய்தியைச் சொல்வார். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நெல், கோதுமைக்கு அது ஓரளவு பலித்தது. கடன் உதவி முடிந்த பிறகு பல மாநிலங்களில் சம்பளப் பட்டியல் மிஞ்சியது, பயணப்படி குறைந்தது, பார்வையிடல் நின்றது. அதற்குள் சிறு விவசாயிகள் காய்கறிக்கும் பூவுக்கும் பழத்துக்கும் மாறிவிட்டார்கள். அவற்றுக்கு உணவுக் கழகம் கிடையாது. பாடப் புத்தகம் மட்டும் பழையதாகவே இருந்தது.

வெற்றிடம் வெற்றிடமாக இருக்காது. 2003-ல் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு விவசாயிகளிடம் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடத்தியது. நவீன விவசாயத் தகவல் எங்கிருந்தும் கிடைக்கவில்லை என்ற நிலையில் 60 சதவீதக் குடும்பங்கள் இருந்தன. மொத்தக் குடும்பங்களில் முன்னோடி விவசாயிகளிடமிருந்து தகவல் பெற்றவர்கள் 16.7 சதவீதம், உரம் - பூச்சிமருந்துக் கடைக்காரர்களிடமிருந்து பெற்றவர்கள் 13.1 சதவீதம். அரசாங்க விரிவாக்கப் பணியாளரிடமிருந்து பெற்றவர்கள் 5.7 சதவீதம்தான். ஆக, நாட்டின் உண்மையான விரிவாக்க அலுவலர் மருந்துக் கடைக்காரர். அவரை ஒதுக்க முடியாது என்று புரிந்துகொண்டுதான், ஹைதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' என்ற மத்திய நிறுவனம் கடைக்காரர்களுக்கென்றே ஓராண்டு டிப்ளமோ படிப்பை அதே 2003-ல் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் எவ்வளவு படித்தாலும், மருந்து விற்றுப் பிழைப்பவரிடம் போய் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் உள்ள சங்கடம் போகாது. அவருக்கு அடுத்த ஆலோசகர் மண்டிக்காரர். முன்பணம் கொடுப்பவர் அவர், விலை சொல்பவரும் அவர். யாருக்காகச் சொல்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மாற்றுக்கு வருவோம். அதே கோலார், ராமநகரம், பெங்களூர் கிராமப்புறப் பகுதிகளில் அதே சிறு விவசாயிகள் வேறு சில தொழில்களையும் செய்கிறார்கள். அவற்றில் பாடமும் சந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

முதலாவது பால். 1974-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய கர்நாடகப் பால் திட்டம் 1984-ல் கர்நாடகப் பால் கூட்டமைப்பாக மாறியது. 'நந்தினி' அதன் பெயர். அமுலுக்கு அடுத்த பெரிய பால் கூட்டுறவு அது. அங்கே பாடம் நடக்கும் இடம் கூட்ட அரங்கம் இல்லை, ஊர்ச் சங்கத்தின் பால் அளக்கும் மேஜை. காலையும் மாலையும் கொழுப்பும் மற்றச் சத்தும் அளந்து, அதற்குத் தக்கபடி விலை எழுதுகிறார்கள். தீவனத்தை மாற்றினால் எண் மாறுகிறது, தண்ணீர் கலந்தாலும் மாறுகிறது. தீவனமும் சினை ஊசியும் கால்நடை மருத்துவமும் அதே சங்கத்தின் வழியாகவே கிடைக்கின்றன. மாடு வளர்க்கும் பெண்மணிக்கு யாரும் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை. தினம் இரண்டு முறை அவர் தேர்வு எழுதுகிறார், உடனே மதிப்பெண் தெரிகிறது.

இரண்டாவது பட்டு. பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள ராமநகரத்தின் பட்டுக்கூடு சந்தை ஆசியாவிலேயே பெரியது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து விவசாயிகளுக்கும் பழக்கமான ஊர். பட்டுக்கூடு தக்காளியைவிடப் பொல்லாத சரக்கு. பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளிருந்து அந்துப்பூச்சி துளைத்து வெளியே வந்துவிட்டால் நூற்க உதவாது. இந்தப் பலவீனத்தை வைத்து யாரும் விவசாயியை மடக்கிவிடக் கூடாது என்று, 1959-லேயே கர்நாடகம் ஒரு சட்டம் செய்து கூடு வியாபாரத்தை அரசுச் சந்தைக்குள் கொண்டுவந்தது. வெளிப்படையான ஏலம், பின்னாளில் மின்னணு ஏலம். சந்தையை நடத்தும் அதே பட்டு வளர்ச்சி இலாகாதான் கிராமங்களில் தொழில்நுட்ப சேவை மையங்களையும் நடத்துகிறது. மைசூர் மத்திய ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வெண்பட்டுக் கலப்பினங்கள் அந்த வழியில்தான் கிராமத்துக்குப் போயின. இளம்புழுக்களைப் பக்குவமாக வளர்த்து விவசாயிக்குக் கொடுக்கும் 'சாக்கி' மையங்களும் அப்படியே. நல்ல கூட்டுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைப்பதைக் கண்ணால் பார்த்தவர், மறுமுறை நல்ல முட்டையைக் கேட்டு வாங்குகிறார். சீனப் பட்டு மலிவாக வந்து இறங்கிய காலத்தில் இந்தச் சந்தையிலும் விலை விழுந்தது உண்மை. ஆனால் அப்போதும், எதனால் விழுந்தது என்று விவசாயிக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது, ஊறுகாய்க்குப் போகும் குட்டி வெள்ளரி. கெர்கின் என்பார்கள். நாம் சாப்பிடுவதில்லை. விளைவதில் ஏறக்குறைய எல்லாமே ஏற்றுமதி ஆகிறது. 1990களிலிருந்து கர்நாடகத்தில் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு இதை வளர்க்கின்றன. விதை கொடுத்து, தன் ஆளை அடிக்கடி வயலுக்கு அனுப்பி, பேசிய விலைக்குக் கம்பெனியே எடுத்துக்கொள்கிறது. காய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு விலை. ஒருநாள் பறிக்கத் தவறினால் காய் பெருத்து, விலை குறைந்துவிடும். இந்த ஒரு விதி, நேரத்தோடு பறிக்கும் ஒழுங்கை எந்தப் பயிற்சி முகாமும் கற்றுத்தராத அளவுக்குக் கற்றுத்தந்துவிட்டது.

மூன்றிலும் சொல்லிக்கொடுப்பவருக்கு விலை தெரியும். விவசாயிக்குத் தன் வேலைக்கும் தன் வருமானத்துக்கும் உள்ள கணக்கு உடனே தெரியும். வித்தியாசம், அந்தக் கூரை யாருடையது என்பதில்தான். பாலில் விவசாயிகளின் சங்கம், பட்டில் அரசாங்கம், வெள்ளரியில் கம்பெனி. கடைசி வகையில் ஓர் ஆபத்து உண்டு. ஆலோசனை சொல்பவரே வாங்குபவராகவும், தரம் பார்ப்பவராகவும் இருந்தால், காயைத் தள்ளுபடி செய்யும் நாளில் விவசாயி முறையிட இடமில்லை. ஆகவே பாடத்தையும் சந்தையையும் சேர்ப்பது மட்டும் போதாது. தராசு யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தக்காளிக்கு இதைச் செய்ய முடியுமா? அரசாங்கமே எல்லாத் தக்காளியையும் வாங்கட்டும் என்று சொல்வது எளிது, நடக்காது. பாலைப் பொடியாக்கலாம், கூட்டை நூலாக்கலாம். செடியில் பழுத்த பழத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. கூட்டுறவு முயற்சிகள் இல்லாமலும் இல்லை. 1959-ல் திராட்சை விவசாயிகளின் சங்கமாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ், பெங்களூர்த் தெருக்களில் இன்றும் கடை வைத்திருக்கிறது. ஆனால் கோலாரின் வெள்ளத்துக்கு அந்த வாய்க்கால் போதாது. எனவே விரிவாக்கப் பணி விலையை நிர்ணயிக்க வேண்டாம். விலை எங்கே போகும் என்பதை விவசாயிக்கு முன்கூட்டிச் சொன்னால் போதும்.

அதற்கான தகவல் கண்ணெதிரே கிடக்கிறது. இன்று தக்காளி விவசாயி விதையைத் தானே விதைப்பது குறைவு. நாற்றுப் பண்ணையிலிருந்து சுமார் 25 நாள் நாற்றை வாங்கி நடுகிறார். நட்ட 60, 70 நாளில் முதல் பறிப்பு. அதாவது, இந்த வாரம் பண்ணைகளில் எத்தனை நாற்று விற்றது என்று எண்ணினால், இரண்டு மாதம் கழித்துச் சந்தைக்கு எத்தனை லாரி வரும் என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். விதை போட்ட நாளிலேயே எண்ணினால் இன்னும் மூன்று வாரம் முன்னதாகவே தெரியும். இந்தக் கணக்கை ஹோப்ளிவாரியாக வாரந்தோறும் எடுத்து, சம்பர்க்க கேந்திரத்தின் கரும்பலகையிலும் விவசாயியின் செல்போனிலும் போடுவதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். இரண்டு இலாகாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் போதும்.

ஒரு மாநிலத்துக்குள் பேசினாலும் போதாது. கோலார் தக்காளிக்குப் போட்டி ஆந்திரத்தின் மதனப்பள்ளியிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ராயக்கோட்டையிலும் இருக்கிறது. ஒரே மேட்டு நிலம், ஒரே வானிலை, ஒரே லாரிகள். கன்னடம், தெலுங்கு, தமிழ் என மூன்று மொழிகளில் மூன்று அரசாங்கங்கள் தனித்தனியாகத் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு ஒரே பயிருக்கு ஊக்கம் கொடுக்கின்றன. எல்லைப்புற விவசாயிக்கு மூன்று மொழியும் வாயில் வரும். இலாகாக்களுக்குத்தான் ஒரு மொழிக்கு மேல் வருவதில்லை.

தில்லியின் முடிவுகளும் விவசாயத் தகவல்தான். சிக்கபள்ளாபூர், கோலார் பக்கம் விளையும் பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கு 2015-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை என்று அதன் வாடிக்கையாளர்கள் கடல் கடந்தவர்கள். உள்ளூரில் வாங்க ஆள் குறைவு. 2020 செப்டம்பரில் நாசிக் வெங்காயத்தின் விலையைப் பிடிக்கப் போட்ட ஏற்றுமதித் தடை இதையும் சேர்த்துப் பிடித்தது. அடுத்த மாதம் 10,000 டன்னுக்கு மட்டும், சென்னைத் துறைமுகம் வழியாக அனுமதி வந்தது. 2023-ல் வெங்காய ஏற்றுமதிக்கு ஆகஸ்டில் 40 சதவீத வரி, டிசம்பரில் தடை என்று மீண்டும் அதே கதை. பூச்சி வருவதற்கு முன் எச்சரிக்கும் இலாகா, தடை வருவதற்கான அறிகுறியையும் ஏன் எச்சரிக்கக் கூடாது? பெரிய வெங்காயத்தின் விலை தில்லியில் ஏறும்போதே, ரோஸ் வெங்காயம் நடுபவர் உஷாராக வேண்டும் என்று சொல்வதற்கு ஜோசியம் தேவையில்லை.

எப்படிச் சொல்வது என்பதற்கும் பெங்களூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2006-ல் இந்நகரின் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிக்கின் காந்தி என்பவரும் சகாக்களும் 'டிஜிட்டல் கிரீன்' என்ற சோதனையைத் தொடங்கினார்கள். விஞ்ஞானியைப் படம் பிடிக்கவில்லை. அந்தந்த ஊர் விவசாயியே தன் வயலில் ஒரு காரியத்தைச் செய்து காட்டுவதைச் சிறு படமாக எடுத்து, பக்கத்து ஊர்களில் மாலை வேளையில் போட்டுக் காட்டினார்கள். நடத்துபவரும் உள்ளூர்க்காரர். கர்நாடகத்தில் 16 கிராமங்களில் நடந்த சோதனையில், பழைய பார்வையிடல் முறையைவிட ஆறேழு மடங்கு அதிகமாகப் புதிய முறைகளை விவசாயிகள் கைக்கொண்டார்கள். படம் பார்த்தவர்கள் முதலில் கேட்டது உரத்தின் பெயரை அல்ல. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர் என்பதைத்தான். சொல்வது என்ன என்பதற்கு முன் சொல்வது யார் என்று பார்ப்பது நம் ஜனங்களின் வழக்கம். அதே படத்தில் அந்த விவசாயி தன் கணக்கு நோட்டையும் திறந்து, ஒரு பெட்டிக்கு நாற்று இவ்வளவு, குச்சியும் கூலியும் இவ்வளவு, மருந்து இவ்வளவு, வாடகை இவ்வளவு, கையில் மிஞ்சியது இவ்வளவு என்று காட்டினால், அது சந்தைப் பாடம் ஆகிவிடும்.

இன்னொன்று. அலுவலர் வாரத்தில் ஒருநாள் வயலுக்குப் பதில் மண்டிக்குப் போகட்டும். ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று ஏன் 50 ரூபாய் குறைவாகப் போகிறது என்று ஏலத்தின்போது நின்று பார்க்கட்டும். காயத்தாலா, அளவாலா, தாமதமாக வந்ததாலா? அதைச் சொல்ல அங்கே விவசாயியின் பக்கம் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் அரசு அலுவலர்கள் சந்தைக்குள்ளேயே இருந்து அன்றாட விலைப் பலகையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அலுவலர் சந்தையில் உட்காருவது நடக்காத காரியம் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இவை எல்லாவற்றுக்கும் மேல், அலுவலரை எடைபோடும் கணக்கு மாற வேண்டும். எத்தனை பயிற்சி நடத்தினார், எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை மூட்டை விதை கொடுத்தார் என்பதுதான் இன்றைய மாதாந்திர அறிக்கை. அதில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: இவருடைய ஹோப்ளியில் சிறு விவசாயிக்கு ஒரு பெட்டிக்கு நிகரமாக நின்றது எவ்வளவு? அந்தப் பத்தியை நிரப்ப வேண்டியிருந்தால், அலுவலர் தானாகவே மண்டிக்குப் போவார், நாற்றுப் பண்ணைக்கு போன் போடுவார், பக்கத்து இலாகாவின் கதவைத் தட்டுவார்.

நாட்டின் விவசாய நிலவுடைமைகளில் 86 சதவீதம் 2 ஹெக்டேருக்குக் குறைந்தவை. அவற்றை வைத்திருப்பவர்கள் சந்தைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. பால் சங்கத்தில் காலையில் நல்ல மதிப்பெண் வாங்கும் அதே குடும்பம்தான், மத்தியானம் தக்காளி நாற்று வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சூதாடுகிறது. குடும்பத்தின் அறிவு இடையில் குறைந்துவிடவில்லை. காலையில் விலை தெரிந்தது, மத்தியானம் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.